தன்னால் வரும் சொற்கள்

பிப்ரவரி 3, செவ்வாய்

இந்த நோட்டை வாங்கி வைக்கச் சொன்னது ஷிஃபானா. பாளையங்கோட்டையிலிருந்து வாரம் இரண்டு நாள் வந்து என் வீட்டுக்காரருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண். தினமும் அவர் வாயிலிருந்து என்ன வார்த்தை வந்தாலும் எழுதி வைக்க வேண்டுமாம். எப்போது வந்தது, யாரைப் பார்த்துச் சொன்னார் என்பதையும் குறிக்க வேண்டுமாம்.

இன்று: “அது” பதினான்கு தடவை. “வா” ஒரு தடவை. என்னை அல்ல, ஜன்னலில் வந்து உட்கார்ந்த காக்கையை.

ஜனவரி 11ஆம் தேதி ஞாயிறு ஆராதனை முடிந்து அங்கியைக் கழற்றும்போது விழுந்தார். மூளையின் இடது பக்கத்தில் ரத்தக்குழாய் அடைப்பு. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கால் மெதுவாகத் திரும்பி வருகிறது. கம்பை ஊன்றி நடக்கிறார். பேச்சு வரவில்லை. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிகிறது என்றும், சொல்ல நினைப்பதும் உள்ளே பத்திரமாக இருக்கிறது என்றும், வாய்க்கு வரும் வழிதான் அடைபட்டிருக்கிறது என்றும் டாக்டர் சொன்னார். இருபத்தொன்பது வருஷம் பிரசங்கம் செய்த வாய்.

ஊரில் எல்லாரும் அவரை ஐயர் என்றும் என்னை ஐயரம்மா என்றும் கூப்பிடுவதைக் கேட்டு ஷிஃபானா சிரித்தாள். இந்தப் பக்கத்தில் குருவானவரை அப்படித்தான் சொல்வோம் என்றேன். அவர் பெயர் அருமைநாயகம், என் பெயர் சுகிர்தா என்று அவள் தந்த ஃபாரத்தில் எழுதிக் கொடுத்தேன்.

இன்னொரு தாளும் தந்தாள். வீட்டில் அவர் அதிகம் பேசும் இருபது வார்த்தைகளை நான் எழுத வேண்டும். அவற்றிலிருந்துதான் பயிற்சியைத் தொடங்குவாளாம். காப்பி. சட்டை. நேரமாச்சு. யார் ஃபோன். அப்புறம். ஐந்தோடு நின்றுவிட்டது. “யோசிச்சு எழுதுங்க ஆன்ட்டி, அவசரமில்ல” என்று சொல்லிவிட்டுப் போனாள். மத்தியானம் முழுக்க யோசித்தேன். முப்பத்தோரு வருஷக் குடும்பம். இன்னும் பதினைந்து வேண்டும்.

பிப்ரவரி 4, புதன்

“அது” ஒன்பது. “ம்” என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டுமா என்று கேட்க வேண்டும். காலையில் தனியாக ஜெபிக்க நேரம் கிடைக்கவில்லை. துணி நிறைய.

பிப்ரவரி 7, சனி

ஷிஃபானாவிடம் இந்தப் பக்கத்தைக் காட்டப் போவதில்லை.

சபை எங்களுக்குக் கொடுத்திருக்கும் இந்தக் குருமனைக்கு இன்று பதினோரு பேர் வந்தார்கள். வருகிறவர்கள் ஒவ்வொருவரும் இது ஏன் நடந்தது என்று தெரிந்து வைத்திருக்கிறார்கள். ஒருவர் இது சோதனை என்றார். ஒருவர், ஓயாமல் ஊழியம் செய்தவருக்கு ஆண்டவர் கொடுத்த ஓய்வு என்றார். மூன்றாமவர், சபையில் யாரோ செய்த பாவத்தை ஐயர் சுமக்கிறார் என்று சொல்லிவிட்டு யாரென்று நானே யூகிக்கட்டும் என்பதுபோல் என்னைப் பார்த்தார். நான் டீ போட்டுக் கொடுத்தேன்.

இவர் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொருவர் முகத்தையும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்படி எத்தனை வீடுகளில் இவரும் சொல்லியிருப்பார். பக்கத்தில் நின்று நானும் தலையாட்டியிருக்கிறேன்.

எனக்கு ஆண்டவர் மேல் கோபம் எதுவும் இல்லை. களைப்புதான். ஜெபிக்க உட்கார்ந்தால் தூக்கம் வந்துவிடுகிறது.

பிப்ரவரி 10, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

சாயங்காலம் ஆறு மணிக்குச் சபைச் செயலர் தங்கத்துரை அண்ணாச்சியும் பெண்கள் ஐக்கியத்திலிருந்து நான்கு பேரும் ஜெபிக்க வந்தார்கள். அண்ணாச்சி நீளமாக ஜெபித்தார். கடைசியில் எல்லாரும் சேர்ந்து பரமண்டல ஜெபம் சொல்லத் தொடங்கினோம். இரண்டாம் வரியில் ஒரு குரல் கூடுதலாகக் கேட்டது. இவர் குரல். பழைய குரல், பீடத்தில் நின்று சொல்லும் அதே குரல். ஒரு சொல் குழறவில்லை. நாங்கள் ஒவ்வொருவராக நிறுத்திவிட்டோம். இவர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு ஆமென் வரைக்கும் சொல்லி முடித்தார்.

பெண்கள் அழுதார்கள். அண்ணாச்சி தரையில் முழங்காலிட்டுவிட்டார். நானும் அழுதேன். ஓடிப்போய் இவர் கையைப் பிடித்து, “ஏங்க, தண்ணி வேணுமா, காப்பி வேணுமா, என்ன வேணும் சொல்லுங்க” என்று கேட்டேன்.

“அது” என்றார். “அது. அது.”

பிப்ரவரி 11, புதன்

அண்ணாச்சி திரும்பவும் வந்து, ஜெபத்தைச் சொல்ல வைத்து ஃபோனில் வீடியோ எடுத்தார். இரண்டாம் தடவையும் தவறில்லாமல் சொன்னார். மத்தியானத்துக்குள் கோயம்புத்தூரிலிருந்து மகள் பெனிட்டா கூப்பிட்டுவிட்டாள். அவள் அலுவலகத்தில் உள்ளவர்களுக்கே வீடியோ வந்துவிட்டதாம். “அம்மா, இது அற்புதம்தானம்மா” என்றாள். ஆமாம் என்றேன். அப்பாவிடம் ஃபோனைக் கொடு என்றாள். கொடுத்தேன். அவள் எட்டு நிமிஷம் பேசினாள். இவர் “அது” என்று மூன்று தடவை சொன்னார். மூன்றாம் தடவை கண்ணில் தண்ணீர்.

பிப்ரவரி 12, வியாழன்

ஷிஃபானாவிடம் வீடியோவைக் காட்டினேன். அவள் ஆச்சரியப்படவில்லை. அதுவே எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

இது பலருக்கும் நடக்கிறதாம். ஆயிரம் தடவை சொல்லிப் பழகியவை மூளையில் வேறொரு இடத்தில் இருக்கின்றனவாம். ஒன்று இரண்டு எண்ணுவது, கிழமைகளைச் சொல்வது, பாட்டு, ஜெபம், வசவு. நாமாகத் தேடி எடுக்கும் சொல் ஒரு வழி, தன்னால் வரும் சொல் இன்னொரு வழி. இவருக்கு முதல் வழிதான் அடைபட்டிருக்கிறது. மேலப்பாளையத்தில் அவள் பார்க்கும் ஒரு பெரியவர் தொழுகையில் ஓதுவதை அட்சரம் பிசகாமல் ஓதுவார், மகன் பெயரைக் கேட்டால் அழுவார் என்றாள்.

நான் கேட்கக் கூடாததைக் கேட்டேன். அப்படியானால் அந்த ஜெபத்தை இவர் அர்த்தத்தோடு சொல்லவில்லையா?

அவள் யோசித்துத்தான் சொன்னாள். “அத எப்படிச் சொல்ல ஆன்ட்டி. வாய் தன்னால சொல்லுதுன்னு எனக்குத் தெரியும். மனசு கூடப் போகுதா இல்லியான்னு பார்க்க எங்ககிட்ட மெஷின் இல்ல.”

அவள் போனபிறகு சோறு பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. இந்த இருபத்தொன்பது வருஷமும் தன்னால்தான் வந்துகொண்டிருந்ததா? இவருக்கு மட்டுமா? நான் சொன்னதெல்லாம்?

பிப்ரவரி 14, சனி

புது வார்த்தைகள் இரண்டு: “போடா, மூதேவி.” காலை பத்து மணிக்கு, தெளிவாக, தங்கத்துரை அண்ணாச்சியைப் பார்த்து. அவர் திரும்பவும் வீடியோ எடுக்க ஃபோனை நீட்டியபோது வந்தது.

அண்ணாச்சி முகம் கறுத்துப்போனது. சுகமில்லாதவர் சொல்வதைத் தப்பாக எடுக்க மாட்டேன் என்று பெருந்தன்மையாகச் சொன்னார். ஜெபம் வந்த அதே இடத்திலிருந்துதான் இதுவும் வருகிறது என்று ஷிஃபானா சொன்னதை அவரிடம் சொல்லவில்லை. அவர் போனதும் அடுப்படிக்குள் போய்ச் சிரித்தேன். வெளியே வந்து பார்த்தால் இவரும் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து எத்தனை வருஷம் ஆகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, அந்தக் கணக்கை விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 18, சாம்பல் புதன்

இன்றிலிருந்து லெந்து காலம், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பு. நான் கோவிலுக்குப் போகவில்லை. இவரைத் தனியே விட முடியாதே.

அண்ணாச்சி பழைய மனத்தாங்கல் எதுவும் இல்லாமல் வந்தார். பிஷப்பின் திருமண்டல அலுவலகத்திலிருந்து கேட்கிறார்களாம். ஆராதனை நடத்த முடியாதவரை இந்தச் சேகரத்துச் சபைகளின் பொறுப்பில் வைத்திருக்க முடியாது, மருத்துவ ஓய்வு கொடுத்துவிட்டு மே மாதத்துக்குள் வேறு குருவானவரை அனுப்பலாம் என்கிறார்களாம். அப்படியென்றால் குருமனையைக் காலி செய்ய வேண்டும். இவருக்கு முறையான ஓய்வுக்கு இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது. எங்களுக்குச் சொந்த வீடு கிடையாது.

அண்ணாச்சி ஒரு வழி சொன்னார். குருத்தோலை ஞாயிறன்று அலுவலகத்திலிருந்து ஒருவர் வருவார். ஆராதனையை, ஐயருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் நடத்தட்டும். கடைசி ஆசீர்வாதத்தை மட்டும் ஐயர் பீடத்தில் ஏறிச் சொல்லட்டும். பரமண்டல ஜெபம் வருகிறவருக்கு அது வராதா? சபையே பார்த்த அற்புதத்தை மீறி யாரும் அவரை அனுப்ப மாட்டார்கள். “சனங்களுக்கும் விசுவாசம் பெருகும் ஐயரம்மா” என்றார்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நிஜமாகவே அற்புதம் என்று நம்புகிறார். நான்தான் நம்பாமல் சரி என்றேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

முதல் வார்த்தையை மட்டும் நான் எடுத்துக் கொடுத்தேன். ஆசீர்வாதம் முழுக்க வந்துவிட்டது. சாயங்காலம் கீரைக்கட்டு நன்றாக இருந்தது.

பிப்ரவரி 26, வியாழன்

ஷிஃபானாவுடன் ஒரு மணி நேரம் போராடி “தண்ணி” என்றார். த, தண், த, ண்ணி. வேர்த்து ஊற்றிவிட்டது. அந்த ஒரு சொல்லுக்காக இவர் பட்ட பாட்டைப் பார்த்தபோது, காலையில் ஒரு சிரமமும் இல்லாமல் வந்த ஆசீர்வாதம் நினைவுக்கு வந்து எனக்கு என்னவோபோல் இருந்தது. எது பெரியது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. தண்ணீர் கொடுத்தேன். குடித்தார்.

மார்ச் 3, செவ்வாய்

இன்று காலையிலிருந்து என் சேலையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்துக்கொண்டே இருந்தார். “அது, அது.” முடி வெட்டவா? கடைக்கா? கோவிலுக்கா? ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார், இல்லை என்று. கடைசியில் கம்பை எடுத்துக்கொண்டு அவரே நடக்க ஆரம்பித்துவிட்டார். பின்னால் போனேன்.

கோவிலைச் சுற்றிப் பின்பக்கம், கல்லறைத் தோட்டம். மூன்றாம் வரிசையில் போய் நின்றார். புதிய கல். ரோஸ்லின், வயது பத்தொன்பது.

கல்லைத் தொட்டு “அது” என்றார். இத்தனை நாளும் சொன்ன “அது” எல்லாம் இதுதானா, இன்று மட்டும்தானா, எனக்கு எப்படித் தெரியும்?

காற்று வாங்கப் போனோம் என்று மணியடிக்கும் கோவில்பிள்ளையிடம் சொல்லிவிட்டு அழைத்து வந்தேன்.

மார்ச் 4, புதன்

ரோஸ்லினைப் பற்றி எழுதிவிடுகிறேன்.

மேபல் சத்துணவுக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். புருஷன் மும்பையில். ஒரே மகள் ரோஸ்லின். நர்சிங் படிக்க இடம் கிடைத்து, துணிமணி எல்லாம் எடுத்து வைத்த வாரத்தில் காய்ச்சல் வந்தது. டெங்கு. ஐந்தாம் நாள் போய்விட்டாள். போன வருஷம் பிப்ரவரியில்.

அடக்கத்தில் இவர்தான் பேசினார். ஆண்டவர் தம்முடைய தோட்டத்துக்கு ஒரு நல்ல பூவைப் பறித்துக்கொண்டார் என்றார். பிள்ளைகள் இறந்தால் எப்போதும் சொல்வதுதான். நல்ல குரல், எல்லாரும் அழுதார்கள். மேபல் மட்டும் அழாமல், சத்தம் போடாமல், குழிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள்: “அவரு தோட்டத்துல வேற பூவே இல்லையா, ஐயரே?”

இவர் அடுத்த ஜெபத்துக்குப் போய்விட்டார்.

அன்றிலிருந்து மேபல் கோவிலுக்கு வரவில்லை. இவர் இரண்டு தடவை பார்க்கப் போனார். கதவு பூட்டியிருந்தது என்று சொன்னார். நானும் போக வேண்டும் என்றுதான் இருந்தேன். அவள் வீடு ரொம்பத் தூரம்.

மார்ச் 9, திங்கள்

எழுதியதைத் திருத்த வேண்டும். மேபல் வீடு இரண்டு தெரு தள்ளி.

மார்ச் 15, ஞாயிறு

ஆசீர்வாதப் பயிற்சி வேண்டாம் என்கிறார். முதல் சொல்லை எடுத்துக் கொடுத்தால் உதட்டை இறுக்கி மூடிக்கொள்கிறார். நான் கோபப்பட்டேன். இந்த வீட்டைவிட்டு எங்கே போவோம், எல்லாவற்றுக்கும் நான் ஒருத்திதான் யோசிக்க வேண்டுமா, இத்தனை வருஷமும் ஊருக்கெல்லாம் பேசினீர்களே, எனக்காக நாலு வார்த்தை சொன்னால் என்ன என்று கேட்டுவிட்டேன்.

அவர் இடது கையால் என் தலையைத் தடவ வந்தார். நான் விலகிக்கொண்டேன்.

எனக்காகத்தான் கேட்டேன் என்பது இப்போது எழுதும்போது தெரிகிறது. வீட்டுக்காக என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 22, ஞாயிறு

அவராகவே ஆசீர்வாதத்தைச் சொன்னார். பாதியில் நிறுத்தினார். நிறுத்தியது என்று சொல்லலாமா, நின்றுபோனது என்று சொல்ல வேண்டுமா? பிறகு இடது கையால் தன் வாயில் அடித்துக்கொண்டார். கையைப் பிடித்துக்கொண்டேன். அண்ணாச்சியிடம் சொல்லவில்லை.

மார்ச் 29, குருத்தோலை ஞாயிறு

கோவில் நிறைய ஆட்கள். வெளியூரிலிருந்தும் வீடியோவைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். பவனி முடிந்து ஓலைகளோடு பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அலுவலகத்திலிருந்து வந்தவருக்கு முன் வரிசையில் நாற்காலி. அங்கியை நான்தான் மாட்டிவிட்டேன். வலது கையை நுழைக்க நேரமாகிவிட்டது.

உபதேசியார் பிரசங்கம் முடித்து, கடைசிப் பாட்டும் முடிந்தது. அண்ணாச்சி இவரைக் கைத்தாங்கலாகப் பீடத்தில் ஏற்றினார். இவர் இடது கையை உயர்த்தினார். முதல் வார்த்தை வந்தது. இரண்டாவது, மூன்றாவது. அதே குரல். எனக்குப் பின்னால் ஒரு பெண் விம்மினாள். நான் விரல்களைக் கோர்த்துக்கொண்டு வரி வரியாக உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். வீடு, வீடு என்றும் இடையிடையே சொல்லிக்கொண்டேன்.

பாதியில் நின்றது.

கண்ணைத் திறந்து கூட்டத்தைப் பார்த்தார். ஒவ்வொரு பெஞ்சாகப் பார்த்தார். யாரையோ தேடுவதுபோல் இருந்தது. அண்ணாச்சி பக்கத்திலிருந்து அடுத்த சொல்லை எடுத்துக் கொடுத்தார். இவர் தலையை ஆட்டினார். திரும்பவும் எடுத்துக் கொடுத்தார். இவர் உயர்த்திய கையை இறக்கி, உள்ளங்கையால் தன் வாயை மூடிக்கொண்டார். ஒரு குழந்தை அழுதது. பிறகு கை நீட்டிக் கம்பை வாங்கி, படி இறங்கி, நடுவழியாக நடந்து வந்து என் பக்கத்தில் பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்தார். இவரை நான் கோவிலில் பக்கத்தில் வைத்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

மீதியை உபதேசியார் சொல்லி முடித்தார்.

வாசலில் யாரும் என்னிடம் பேசவில்லை. அண்ணாச்சிதான் வந்தார். கோபமில்லை, அழுதிருந்தார். “நான்தான் அவசரப்பட்டுட்டேன் ஐயரம்மா” என்று மட்டும் சொன்னார்.

மார்ச் 30, திங்கள்

காலையில் ஷிஃபானாவுக்கு ஃபோன் போட்டு, ஏன் நின்றது என்று கேட்டேன். கூட்டத்தைப் பார்த்துக் களைத்திருக்கலாம் என்றாள். வேண்டுமென்றே நிறுத்தியிருக்க முடியுமா என்றேன். அதுவும் இருக்கலாம் என்றாள். எதைக் கேட்டாலும் இருக்கலாம் என்கிற பெண்ணிடம் நான் ஏன் போய்க் கேட்கிறேன்?

மத்தியானம் மூன்று மணிக்கு இவர் திரும்பவும் சேலையைப் பிடித்தார். இந்தத் தடவை நான் எங்கே என்று கேட்கவில்லை. செருப்பை மாட்டிவிட்டேன். இரண்டு தெரு.

மேபல் பள்ளிக்கூடத்தில் சமையல் முடித்துவிட்டு வந்திருந்தாள் போல, கதவு திறந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்தாள். இவர் உள்ளே போய்ச் சுவரோரமாக இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். எதிரே ரோஸ்லின் படம், மாலை கிடையாது. பக்கத்தில் புதுப் பெட்டி ஒன்று, இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல்.

நான் ஏதாவது பேச வேண்டும் என்று வாயைத் திறந்தேன். ஐயரம்மாவாக நான் சொல்லிப் பழகிய எல்லாம் வரிசையாக நாக்கின் நுனிக்கு வந்தது. ஒன்றையும் சொல்ல முடியவில்லை.

இவர்தான் தொடங்கினார். “அது” என்று படத்தைக் காட்டினார். பிறகு முகமெல்லாம் கோண, கழுத்து நரம்பு புடைக்க, “தெ” என்றார். “தெ, தெ.” மேபல் என்னைப் பார்த்தாள். நான் எடுத்துக் கொடுக்கவில்லை. எந்தச் சொல் என்று எனக்கும் தெரியாது.

“தெரி… யல” என்றார். “எனக்கு. தெரியல.”

சொல்லிவிட்டு அழுதார். முப்பத்தோரு வருஷத்தில் இவர் அழுது நான் பார்த்ததில்லை. இந்த நோய் வந்தபிறகு பார்க்கிறேன், ஆனால் அது இயலாமையில் வரும் கண்ணீர். இது வேறு. தகப்பன் அழுவதுபோல்.

மேபல் தரையில் உட்கார்ந்தாள். “இத அன்னைக்குச் சொல்லியிருந்தா நானும் உங்ககூட அழுதிருப்பேனே ஐயரே” என்றாள். “ஒரு வருசமா ஒத்தையில அழுதுக்கிட்டு இருந்தேன்.”

வேறெதுவும் நடக்கவில்லை. யாரும் ஜெபிக்கவில்லை. வரும்போது அவள் வாசல்வரை வந்து இவர் கையைப் பிடித்துப் படி இறக்கிவிட்டாள்.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

மூன்று மணி நேர ஆராதனையைக் குருமனைத் தாழ்வாரத்திலிருந்து ஒலிபெருக்கியில் கேட்டோம். சிலுவையில் தொங்கியவர், ஏன் என்னைக் கைவிட்டீர் என்று பிதாவைக் கேட்டதைப் பற்றி உபதேசியார் பேசினார். வருஷா வருஷம் கேட்பதுதான். அவருக்கும் பதில் வரவில்லையே என்பது இன்றுதான் உறைத்தது. இதில் ஆறுதல் என்ன இருக்கிறது? ஆனாலும் எழுந்து போகாமல் கடைசிவரை உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 5, ஈஸ்டர்

வார்த்தைகள்: “தண்ணி”, “போதும்”, “பெனி”. மகள் வந்திருக்கிறாள்.

ஏப்ரல் 16, வியாழன்

மருத்துவ ஓய்வுக் கடிதம் வந்துவிட்டது. இடது கையால் கையெழுத்துப் போட்டார். பாளையங்கோட்டையில் ஷிஃபானா வீட்டுப் பக்கமாகவே தரைத்தளத்தில் ஒரு வாடகை வீடு பார்த்திருக்கிறோம். இரண்டு அறை. பெனிட்டா அங்கே போய்க் குழாய், கழிப்பறை எல்லாம் சரிபார்த்து வந்தாள்.

வீட்டை இழந்தால் தாங்க மாட்டேன் என்று நினைத்திருந்தேன். பாத்திரங்களைத் தாளில் சுற்றிக்கொண்டிருக்கிறேன். தாங்குகிறேனா, இன்னும் உறைக்கவில்லையா என்று தெரியவில்லை.

ஏப்ரல் 25, சனி

திங்கள்கிழமை லாரி வருகிறது. அதற்குள் ஒரு தடவை வந்து போங்க என்று மேபல் சொல்லியனுப்பியிருந்தாள். சாயங்காலம் நாலு மணிக்குப் போனோம். இந்த நாலு வாரத்தில் இது ஐந்தாவதோ ஆறாவதோ.

கதவைத் தாண்டும்போதே இவர் “மே… பல்” என்றார். அவள் சிரித்தாள். பெயரைச் சொல்ல இவ்வளவு பாடுபட்டு ஒருவரும் தன்னைக் கூப்பிட்டதில்லை என்றாள்.

போவதற்கு முன் ஜெபம் பண்ணிட்டுப் போங்க ஐயரம்மா என்று கேட்டாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவளாகக் கேட்கிறாள். நான் கண்ணை மூடினேன். ஒன்றும் வரவில்லை. பழகின சொற்கள் வரத் தயாராக நின்றன. அவற்றைச் சொல்லத்தான் மனம் வரவில்லை. கண்ணைத் திறந்து உண்மையைச் சொன்னேன்.

“மேபல், எனக்கு ஜெபம் வரல. ஜனவரியிலிருந்தே வரல. யார்கிட்டயும் சொல்லல.”

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நேரம் கிடைக்கவில்லை, களைப்பு என்று இந்த நோட்டில் நான் எழுதியதெல்லாம் பொய் என்பது அவருக்கு முன்னமே தெரிந்திருந்ததுபோல ஒரு பார்வை.

மேபல் ஒன்றும் அதிர்ச்சி அடையவில்லை. “எனக்கும் வரலல்லா. வராட்டி போகுது. கொஞ்ச நேரம் சும்மா இருப்போம். நான் டீ எடுத்துட்டு வாரேன்” என்று உள்ளே போனாள்.

தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். நான்கு டம்ளர். எனக்கு ஒன்று, இவருக்கு ஒன்று கொடுத்து, தனக்கு ஒன்றை எடுத்துக்கொண்ட பிறகுதான் தட்டில் ஒன்று மீந்திருப்பதைப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

“இன்னமும் இப்படித்தான் ஆவுது” என்றாள். “ஆளுக வந்தா, அவளுக்கும் சேத்து ஊத்திருது. நான் நினைக்கவே இல்ல. கை தன்னால ஊத்திருது ஐயரம்மா.”

எடுத்து உள்ளே கொண்டுபோகத் தட்டில் கை வைத்தாள். இவர் இடது கையை நீட்டி அவள் மணிக்கட்டைத் தொட்டார். ஏதோ சொல்லப்போகிறார் என்று தெரிந்தது. நாங்கள் இரண்டு பேரும் காத்திருந்தோம். வெளியே யாரோ மாடு ஓட்டிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் தெருக்கோடிவரை போய்த் தேய்ந்தது. நாங்கள் இன்னும் காத்திருந்தோம்.

“இரு… க்கட்டும்” என்றார்.

மேபல் அந்த டம்ளரைத் தட்டோடு தரையில், எங்கள் நடுவே வைத்தாள். மூன்று பேரும் குடித்தோம். நான்காவதில் ஆவி வந்துகொண்டிருந்தது. ஏடு படிந்தது. நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன், நினைக்காமல் ஊற்றிய கையை. தன்னால் வந்தது என்பதால் அதற்கு அர்த்தம் இல்லை என்று எந்த வாயால் சொல்வேன்? அப்படியென்றால் இத்தனை வருஷம் நாங்கள் சொன்னது? தெரியவில்லை. இதற்குமேல் யோசிக்க முடியவில்லை. அந்த வெறும் அறையில் யாரோ எங்களோடு உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது என்று எழுதினால் மிகையாகிவிடும். யாரும் இல்லை என்று எழுதவும் கை வரவில்லை.

வெயில் இறங்கும்வரை அங்கேயே இருந்தோம்.